காடு கைகொடுத்த கோட்டை

தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில் இடதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். மலை மட்டும் கூடவே வரும். சில இடங்களில் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும், சில இடங்களில் பாறையில் வழியும் நீர்க்கோடு தெரியும் அளவுக்குக் கிட்டே வந்து நிற்கும். வாசுதேவநல்லூருக்கும் சிவகிரிக்கும் நடுவே, இந்த மலையைப் பார்த்தபடி இருக்கிற பேரூர்தான் ராயகிரி. நேற்றுவரை திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டாரம் என்று முகவரி எழுதிய ஊர். 2019இல் தென்காசி மாவட்டம் பிறந்த பிறகு முகவரி மாறிவிட்டது. கரும்பும் நெல்லும் எலுமிச்சையும் கிணற்றுப் பாசனமுமாக அமைதியாகத் தெரியும் பூமி. இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே பீரங்கி வெடித்தது என்று சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் காலத்து நிலத்தை மனதில் கொண்டுவர வேண்டுமானால், இன்றைய வயல்களில் பாதியை அழித்துவிட்டுக் காடு வரைய வேண்டும். மலையடிவாரத்தில் தொடங்கிய அடர்ந்த காடு இரண்டு மைல் தூரம் சமவெளிக்குள்ளேயே நீண்டிருந்தது. பக்கத்து வாசுதேவநல்லூரில் அப்போது ஒரு கோட்டை இருந்தது. மலைக்கும் அந்தக் கோட்டைக்கும் மூன்று மைல். காட்டின் விளிம்புக்கும் கோட்டைக்கும் 1,300 கெஜம். இந்த அளவுகளை எழுதிவைத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளக் கரையிலுள்ள அஞ்சுதெங்கில் 1728இல் பிறந்தவர் அவர். எதிராளிக்காகப் பேனா பிடித்தவர்தான். ஆனாலும் கோட்டையின் நீள அகலத்தைச் சொல்வதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. 650 கெஜ நீளம், 300 கெஜ அகலம், மூலைகளில் பெரிய கொத்தளங்கள், இடையிடையே சிறியவை, சுவர் நெடுகத் துப்பாக்கி நீட்டத் துளைகள்.

சுவர் மண்சுவர். மண் என்றதும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். இந்தப் பக்கத்துச் செம்மண்ணைக் குழைத்து, அடுக்கடுக்காக ஏற்றி, வெயிலில் காயவிட்டால் செங்கல்லோடு போட்டி போடும். கல் சுவரில் குண்டு பட்டால் கல் தெறிக்கும், விரிசல் ஓடும், ஒரு பகுதியே சரியும். மண் சுவரில் பட்ட குண்டு பல நேரம் உள்ளே புதைந்து அங்கேயே தங்கிவிடும். சுட்டவருக்குக் கிடைப்பது ஒரு பொந்து. சென்னையிலிருந்து மாட்டுவண்டியில் இழுத்துவந்த வெடிமருந்தைப் பொந்து போடுவதற்காகச் செலவழிப்பது எந்தத் தளபதிக்கும் வயிற்றெரிச்சல்தான்.

இந்தக் கோட்டை நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவருடையது. மதுரை நாயக்கர் காலத்தில் பிரிக்கப்பட்ட 72 பாளையங்களில் மலையை ஒட்டிக் கிடந்தவை மேற்குப் பாளையங்கள்: சேத்தூர், சிவகிரி, தலைவன்கோட்டை, வடகரை, ஊத்துமலை, நெற்கட்டும்செவல். நாயக்கர் ஆட்சி முடிந்த பின் ஆற்காட்டு நவாபு முகமது அலி இந்தச் சீமைக்கு உரிமை கோரினார். கடனில் மூழ்கியிருந்த நவாபுக்காக வரி தண்டக் கிளம்பியது கம்பெனிப் படை. 1755இல் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் வந்து நின்று 20,000 ரூபாய் கேட்டார். ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சுவரை உடைக்கிற அளவுக்குப் பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை, அரிசியும் தீர்ந்துகொண்டிருந்தது. வந்த வழியே திரும்பினார். போகிற வழியில் அவர் பட்டது தனிக்கதை. மதுரைப் பக்கம் கோவில்குடியில் கொள்ளையடித்த சாமி சிலைகளோடு நத்தம் கணவாய்க்குள் நுழைந்த அந்தப் படையைக் கள்ளர்கள் இருபுறக் காட்டிலிருந்தும் மறித்துத் தாக்கினார்கள், சிலைகள் மீட்கப்பட்டன. ஹெரானை இராணுவ நீதிமன்றம் விசாரித்து வேலையை விட்டு நீக்கியது.

அடுத்து வந்தவர் அவ்வளவு லேசான ஆள் இல்லை. கான் சாகிபு என்று மதுரையும் நெல்லையும் இன்றும் சொல்லும் யூசுப்கான். இராமநாதபுரச் சீமையில் பிறந்த தமிழர். கம்பெனிச் சிப்பாய்களின் தளபதி. இந்த மண்ணின் மேடு பள்ளமும் மனிதர்களின் குணமும் தெரிந்தவர். முதல் வேலையாக, பூலித்தேவருக்குத் துணையாக இருந்த திருவிதாங்கூரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 1759 இறுதியில் சிப்பாய்களும் திருவிதாங்கூர்ப் படையும் சேர்ந்து வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டன.

வரைபடத்தில் பார்த்தால் கோட்டையின் கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் பூலித்தேவர் கோட்டைக்குள் இல்லை. காவலுக்கு ஒரு படையை உள்ளே விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்களோடு அந்த 1,300 கெஜத்துக்கு அப்பாலுள்ள காட்டில் இருந்தார். பகலில் பீரங்கி சுவரைத் தட்டும். இரவில் காட்டிலிருந்து ஆட்கள் இறங்கி எதிரியின் காவல் முனைகளைத் தட்டுவார்கள். முற்றுகையிட்டவர்கள் முதுகுக்கும் ஒரு கண் வைக்க வேண்டியிருந்தது.

சுவரில் உடைப்பு விழுந்ததும் யூசுப்கான் தாக்குதலுக்கு உத்தரவிட்டார். சிப்பாய்கள் உடைப்பில் ஏறினார்கள். உள்ளே இருந்தவர்கள் நீண்ட ஈட்டிகளோடு எதிரே நின்றார்கள். தென்பாளையத்து வீரர்கள் பிடித்த ஈட்டிகளில் 18 அடி நீளமுள்ளவையும் இருந்தன. குறுகிய உடைப்பில் ஏறிவரும் ஆளுக்கு, தன் துப்பாக்கி முனை எட்டுவதற்கு முன்பே ஈட்டி முனை வந்து சேர்ந்துவிடும். சண்டை உச்சத்தில் இருந்தபோது பூலித்தேவர் காட்டிலிருந்து வெளிப்பட்டு யூசுப்கானின் பாசறைமேல் பாய்ந்தார். பின்னால் எழுந்த கூச்சல் உடைப்பில் நின்றவர்களுக்கும் கேட்டது, கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஒரே சத்தம், ஒரு தரப்புக்குக் கலக்கம், மறு தரப்புக்கு உற்சாகம். தாக்கியவர்கள் பின்வாங்கினார்கள். முற்றுகை கலைந்தது, திருவிதாங்கூர்ப் படை ஊர் திரும்பியது, யூசுப்கான் திருநெல்வேலிக்குப் போனார்.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு முற்றுகை நடந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் காட்டின் மதிப்பு தெரியும். ஸ்பெயின் அரியணைக்கு யார் வாரிசு என்ற போரில், 1710 டிசம்பரில், மத்ரீதிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயப் படை ஒன்று பிரிவேகா என்ற சிற்றூரில் தங்கியது. தளபதி ஜேம்ஸ் ஸ்டான்ஹோப். ஏறத்தாழ 4,000 பேர். பழங்கால மதில் ஒன்று ஊரைச் சுற்றி இருந்தது, அவ்வளவுதான். பிரெஞ்சுத் தளபதி வான்டோம் பெரும்படையோடு விரைந்து வந்து ஊரை வளைத்துக்கொண்டார். டிசம்பர் 8, 9 இரண்டு நாளும் சண்டை. மதில் உடைந்தது, தெருத்தெருவாகப் போராடினார்கள், தோட்டா தீர்ந்து துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக்கொண்டார்கள். அவர்களுக்கும் வெளியே ஒரு படை இருந்தது: ஸ்டாரெம்பெர்க் தலைமையிலான கூட்டணிப் பெரும்படை. உதவிக்குக் கிளம்பியும் விட்டது. 9ஆம் தேதி மாலை ஸ்டான்ஹோப் சரணடைந்தார். மறுநாள் 10ஆம் தேதி, பக்கத்து வில்லாவிசியோசாவில் ஸ்டாரெம்பெர்க் போரில் இறங்கினார். ஒரு நாள் தாமதம், படை முழுக்கக் கைதி.

ஸ்டான்ஹோப்பின் ஆட்கள் வீரத்தில் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு உதவி வர வேண்டிய படை சாலையில் வந்துகொண்டிருந்தது. வாசுதேவநல்லூருக்கு உதவி செய்ய வேண்டிய படையோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் முன்கூட்டியே குடியிருந்தது. வித்தியாசம் அங்கேதான். கோட்டையை மட்டும் வளைப்பவன் பாதிப் படையைத்தான் வளைக்கிறான் என்பதைப் பூலித்தேவர் தெரிந்து செய்தார்.

இந்த வட்டாரத்தின் வாய்மொழிக் கதைகளிலும் முக்கால்வாசி கோட்டைக்கு வெளியே நடப்பவைதான். சிவகிரிப் பக்கம் தென்மலை என்றொரு ஊர். அங்கே பாசறை போட்டிருந்த எதிரிகளின் பட்டத்துக் குதிரையைக் கிளப்பிவர, தன் தளபதி ஒண்டிவீரனைத் தனியாளாக அனுப்பினாராம் பூலித்தேவர். கட்டை அவிழ்க்கப் போனபோது குதிரை மிரண்டது. சத்தம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஒண்டிவீரன் அங்கே கிடந்த புல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டார். குதிரையைத் திரும்பக் கட்ட ஒரு சிப்பாய் முளைக்குச்சியை ஓங்கி அடிக்க, அது புல்லுக்கடியில் இருந்த ஒண்டிவீரனின் கையைத் துளைத்துத் தரையில் இறங்கியது. மூச்சுக் காட்டவில்லை. ஆட்கள் தூங்கிய பின் கையை உருவ முடியாமல் வாளால் வெட்டிக்கொண்டு, பீரங்கிகளைப் பாசறைப் பக்கமே திருப்பிவைத்துவிட்டு, குதிரையோடு திரும்பினார் என்கிறது கதை. வெண்ணிக்காலாடி என்ற இன்னொரு தளபதி, வயிறு கிழிந்து குடல் சரிந்தபோது தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றில் கட்டிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார் என்று இன்னொரு கதை. கம்பெனிக் காகிதங்களில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் காகிதம் சொல்லும் போர்முறையும் கதை சொல்லும் போர்முறையும் ஒன்றுதான்: இரவு, புதர், எதிரியின் முதுகு.

யூசுப்கான் விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் அவர் கைக்குப் போயின. பூலித்தேவர் கடலாடிப் பக்கம் ஒதுங்கினார். ஆனால் வென்றவரின் விதி விசித்திரமாகப் போனது. நவாபோடும் கம்பெனியோடும் பகைத்துக்கொண்ட யூசுப்கானை அதே கம்பெனி 1763இல் மதுரைக் கோட்டையில் வைத்து வளைத்தது. முதல் வருட முற்றுகை தோற்றது. அடுத்த வருடம் உணவு வரும் வழிகளை அடைத்தார்கள். கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. அவருக்குக் கைகொடுக்க மதுரை மதிலுக்கு வெளியே காடும் இல்லை, காட்டுக்குள் படையும் இல்லை.

பூலித்தேவர் திரும்பி வந்து கோட்டைகளைப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சுற்று 1767. இம்முறை கர்னல் டொனால்ட் கேம்பெல், கொல்லங்கொண்டான் முதலிய பாளையங்களை அடக்கிவிட்டு மே மாதம் வாசுதேவநல்லூருக்கு வந்தார். ஹெரானுக்கு இல்லாத பெரிய பீரங்கிகள் இவரிடம் இருந்தன. நாள்கணக்கில் அடித்தார்கள். சுவர் உடைந்தது. உடைந்த இடத்தைக் கோட்டைக்காரர்கள் வைக்கோலும் பனையோலையும் மண்ணும் திணித்து அடைத்தார்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் அடைப்பான். அவன் விழுந்தால் அடுத்தவன் வந்து நிற்பான். இந்தத் துணிச்சலுக்கு ஈடே இல்லை என்று கேம்பெல்லே தன் மேலிடத்துக்கு எழுத வேண்டியதாயிற்று. பனைமரத்தைப் பார்க்காத ஊரில் கோட்டை பிடித்துப் பழகிய இராணுவத்துக்கு ஓலையால் அடைத்த சுவர் புதிய பாடம்.

பிறகு மழை வந்தது. கோடை மழை இந்த மலையடியில் எப்படிக் கொட்டும் என்று ராயகிரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து நனையும், திரி அணையும், பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியமாட்டார். அந்த இருட்டிலும் மழையிலும் கோட்டைக்குள் இருந்தவர்கள் முற்றுகை வளையத்தை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். மலைதான் போக்கிடம். கேம்பெல்லுக்குக் கிடைத்தது மண்சுவர் மட்டும்.

அதன் பிறகு பூலித்தேவர் என்ன ஆனார் என்பதற்கு நெல்லைச் சீமை சொல்லும் பதில் சங்கரன்கோவிலில் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போன வழியில் சங்கரநாராயணரை வணங்க அனுமதி கேட்டாராம்; உள்ளே போனவர் வெளியே வரவில்லை, சோதியில் கலந்துவிட்டார் என்பது நம்பிக்கை. கோயிலுக்குள் பூலித்தேவர் அறை என்று ஓரிடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

இந்தப் பக்கம் வர நினைக்கும் நேயர்களுக்குச் சில விவரங்கள். ராயகிரியையோ வாசுதேவநல்லூரையோ இருப்பிடமாக வைத்துக்கொண்டால் எல்லா இடத்தையும் சுற்றிவிடலாம். வாசுதேவநல்லூரில் சிந்தாமணிநாதர் கோயில் உண்டு; மூலவர் அர்த்தநாரீசுவரர், தலமரம் புளி. அங்கிருந்து கிழக்கே நெற்கட்டும்செவல். பூலித்தேவருக்கு அரசு கட்டிய நினைவு மாளிகை இருக்கிறது, செப்டம்பர் 1 அவர் பிறந்தநாள் விழா. பக்கத்திலேயே பச்சேரி, ஒண்டிவீரன் நினைவிடம். அங்கே ஆகஸ்ட் 20இல் கூட்டம் கூடும். 2022இல் அதே தேதியில் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். இந்த இரண்டு நாள்களிலும் காவல்துறைக் கெடுபிடி அதிகம், வண்டிகளைத் தள்ளியே நிறுத்திவிடுவார்கள். நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் வருவது நல்லது. சாரல் காலமென்றால் சரி. காலை வெயில் ஏறுவதற்குள் வாசுதேவநல்லூருக்கு மேற்கே போகும் மண்பாதையில் நடந்தால் அந்த 1,300 கெஜத்தைக் காலாலேயே அளந்துவிடலாம். கால்மணி நேரம் போதும்.