கணு இருந்தால்தான் கொடி



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அகரம்தென் பக்கத்திலிருந்து சேலையூர் கூட்டத்துக்கு வர்றேன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கம் இல்லை. "வீட்டுக்குள்ள ஹோயா கொடி வளர்க்கிறியே, அதைப் பத்திப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. பேச இன்னொரு காரணமும் இருக்கு. எங்கள் குழுவில் 4 பேர் சேர்ந்து, கடன் வாங்கி, இந்தக் கொடியைத் தொங்கு தொட்டியில் வளர்த்து விற்கலாம்னு இருக்கோம். அது உங்க எல்லோருடைய சேமிப்புப் பணம். என்ன செடி, எப்படி வளர்ப்போம்னு உங்களுக்குத் தெரியணும்.

ஹோயான்னதும் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. ரோட்டோரம் நிற்கிற எருக்குக்கு இது சொந்தம். ரெண்டும் ஒரே தாவரக் குடும்பம். கிள்ளினா ரெண்டுலயும் பால் வரும். எருக்கம்பூ மாதிரியே அஞ்சு முனை நட்சத்திரப் பூ. ஆனா சின்னதா, மெழுகுல செஞ்ச மாதிரி, கொத்துக் கொத்தா தொங்கும். அதனால் வாக்ஸ் பிளான்ட் என்றும் சொல்வார்கள். பொழுது சாய்ந்த பிறகு நல்ல வாசனை வரும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலும் இதில் சில வகைகள் மரத்தில் தொத்தி வளருது.

1810-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவர அறிஞர் இதற்கு ஹோயா என்று பெயர் வைத்தார். லண்டன் பக்கத்தில் ஒரு பிரபுவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் பெயர் அது. பிரபு பேரை வைக்கலை, வேலை செஞ்சவர் பேரை வச்சார். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது.

காட்டில் இது பெரும்பாலும் மண்ணில் வளருவதில்லை, மரப்பட்டையில் ஒட்டிக்கிட்டு வளருது. இதை மனசுல வச்சுக்கிட்டா பராமரிப்பு முழுசும் புரிஞ்சிடும். வேருக்குத் தண்ணி எவ்வளவு முக்கியமோ, காத்தும் அவ்வளவு முக்கியம். வெறும் செம்மண்ணை அழுத்தி நிரப்பினா வேர் அழுகிடும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். மட்டைத் துண்டை ரெண்டு மூணு தண்ணி மாத்தி ஊற வச்சு, உப்பு போன பிறகு போடுங்க. தொட்டி சின்னதாகவே இருக்கட்டும். அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும்.

இலை தடிப்பா இருக்கும், அதுக்குள்ளயே தண்ணியைச் சேர்த்து வச்சிருக்கும். அதனால தினமும் ஊத்த வேண்டாம். விரலை விட்டுப் பாருங்க, காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. மழைக்காலத்தில் இன்னும் குறைவு. நம்ம பக்கம் பல வீட்டுல போர் தண்ணி உப்பு. மழைத்தண்ணி பிடிச்சு ஊத்தலாம், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணியும் ஆகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணி மட்டும் வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நல்ல இடம். காலை வெயில் நல்லது. கத்திரி மாசத்து மத்தியான வெயில் பட்டா இலை கருகிடும். அழகா இருக்குன்னு பீரோ மேல இருட்டுல வச்சா கொடி உயிரோட இருக்கும், ஆனா பூக்காது.

கத்தரிக்கோல் எடுக்கும் முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. இலையே இல்லாம நீளமா ஒரு தண்டு வரும். வெட்டாதீங்க, இலை பின்னாடி வரும். பூ உதிர்ந்ததும் காய்ஞ்ச குச்சி மாதிரி ஒரு சின்னக் காம்பு நிற்கும். அதையும் விட்டுடுங்க. அடுத்த தடவை அதே காம்புலதான் மறுபடி மொட்டு வைக்கும்.

மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணியில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

இனி விற்கிற விஷயம். இதய வடிவத்துல ஒரே ஒரு இலையைக் குட்டித் தொட்டியில் நட்டு விற்பதைப் பார்த்திருப்பீங்க. அதுவும் ஹோயாதான். எங்க குழு அக்கா ஒருத்தர் தன் பொண்ணு பிறந்தநாளுக்கு 250 ரூபாய் கொடுத்து வாங்கினாங்க. ரெண்டு வருஷமா அதே ஒரு இலைதான் நிக்குது. "எப்பம்மா கொடி விடும்?"னு அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. விடாது. தண்டுல இருக்கிற கணுவிலிருந்துதான் துளிர் வரும். கணு இல்லாத இலைக்கு வேர் பிடிக்கும், பச்சையா இருக்கும், அதோட சரி.

எங்களுக்கும் அந்த யோசனை வந்தது. ஒரு கொடியில் 20 இலை இருந்தால் 20 தொட்டி, உடனே காசு. நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டோம். ரெண்டு கணு இருக்கிற தண்டை வெட்டி, பால் காய்ஞ்சதும் நடுவோம். வேர் பிடிக்க ஒரு மாசம் ஆகலாம். புதுத் துளிர் வந்த பிறகுதான் விற்போம். "பூ வர 2, 3 வருஷம் ஆகலாம்"னு அட்டையில் எழுதியே கொடுப்போம். அப்படி எழுதினா யார் வாங்குவாங்கன்னு ஒரு சகோதரி கேட்டாங்க. கொஞ்சம் பேர் வாங்காமல் போகலாம். ஆனா மதி அங்காடியிலோ கல்லூரி சந்தையிலோ நம்ம தொட்டியை வைக்கும்போது என் பேர் அதில் இருக்காது, கூட்டமைப்பு பேர்தான் இருக்கும். ஒரு செடியில் ஏமாந்தவங்க நம்ம ஊறுகாயையும் நம்ப மாட்டாங்க, மசாலாப் பொடியையும் நம்ப மாட்டாங்க.

அதனால் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. துளிர் வரும் வரை எங்களுக்கு வருமானம் இல்லை. முதல் 3 மாசம் வட்டி மட்டும் கட்டுகிறோம், நாலாவது மாசத்திலிருந்து அசலும் சேர்த்துக் கட்டுகிறோம். இதை யோசித்து முடிவு சொல்லுங்கள்.

வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னைக் கேளுங்கள், கணுவோட ஒரு தண்டு இலவசமாகத் தர்றேன்.