வெல்டிங் எஞ்சினும் நமது பொறுப்பும்
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமயமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய இம்மண்டபத்திலே இரும்பையும் எண்ணெயையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருந்தாத பேச்சென்று எவரும் எண்ணமாட்டீர்கள் என நம்புகிறேன். நவராத்திரி நிறைவிலே ஏட்டுக்குப் பக்கத்தில் அரத்தையும் சுத்தியலையும் வைத்துப் பூச்சாத்தும் மரபு நம்முடையது. கருவிக்கு வருடத்தில் ஒரு நாள் பூச்சாத்துகிறோம். மற்ற 364 நாளும் அதனை எவ்விதம் நடத்துகிறோம் என்பதே இன்று நான் கேட்க வந்த கேள்வி.

வெல்டிங் எஞ்சின் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே சட்டத்தில் பூட்டிய இரண்டு யந்திரங்கள். டீசலிலோ பெற்றோலிலோ ஓடும் எஞ்சின் ஒன்று. அது சுழற்றும் மின்பிறப்பாக்கி மற்றொன்று. மின்கம்பி எட்டாத தோட்டக் கிணற்றடி, கரையில் ஏற்றிய வள்ளம், கூரை போடப்படும் கோயில் மண்டபம், ஒழுங்கை முடிவில் மின்சாரம் வலுக்குறைந்து வரும் வீடு ஆகிய இடங்களுக்கெல்லாம் இதனை ஏற்றிக்கொண்டு போய் வேலை முடிக்கலாம். இதனால் இன்று எத்தனையோ வாலிபர் சொந்தக் காலில் நிற்கின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் நம் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. அதன் பெயர் சமாளிப்பு. 1990ஆம் ஆண்டு போரினால் தேசிய மின்சாரம் குடாநாட்டுக்கு அற்றுப்போயிற்று. எரிபொருளும் தடைப்பட்டது. சைக்கிள் தினமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். இல்லாத காலத்தில் அந்தச் சமாளிப்பு நம்மைக் காத்தது. அதனை இகழ்வது நன்றி மறத்தலாகும். ஆனால் வேண்டிய பொருள் கடையிலே கிடைக்கும் இந்நாளிலும், கையுறையின்றிச் சமாளிப்பதும், பழுதான வயரைத் துணி சுற்றிச் சமாளிப்பதும் கெட்டித்தனமாகா. வெல்டிங் எஞ்சினிடம் சமாளிப்புச் செல்லாது. காரணம் ஒன்றே. இதன் பெரிய அபாயங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பறக்கும் தீப்பொறியைக் கண்டால் எவனும் விலகுவான். தெரியாததற்கு விலகுவதற்கு அறிவு வேண்டும்.

முதலாவது புகை. கறுத்த புகையைச் சொல்லவில்லை. எஞ்சின் கக்கும் காபன் மொனொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள செந்நிறப் பொருள் பிராணவாயுவைப் பிடிப்பதிலும் 200 மடங்குக்கு மேலான பற்றோடு இதனைப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் என்று தொடங்கும். வெயிற் களைப்பென்று எண்ணிக் குந்தியிருப்பவன் எழும்பமாட்டான். ஆதலால் எஞ்சினை வைக்கும் இடமே பாதுகாப்பின் அரைவாசி. திறந்த வெளியில், கெட்டியான மட்டமான நிலத்தில், வீட்டுக் கதவு யன்னல்களுக்கு 20 அடிக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள். காற்று எப்பக்கம் வீசுகிறதென்று பாருங்கள். சோளகம் வீசும் மாதத்தில் வைத்த திசை வாடைக்காற்றுக்குப் பொருந்தாது. மழை வந்துவிட்டதென்று ஓடும் எஞ்சினைச் சாய்ப்புக்குள் இழுக்கவேண்டாம், நிறுத்திவிட்டு மூடுங்கள்.

கிணற்றைத் தனியாகச் சொல்லவேண்டும். எந்தப் பம்பும் ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழிருந்து நீரை நன்றாக உறிஞ்சாது. கோடையில் நீர் இறங்கினால் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கலாமென்ற எண்ணம் வரும். வெல்டிங் செய்பவனுக்கும் அப்படியே. நீளமான வயர் இல்லையென்றால் எஞ்சினைக் கிணற்றின் கட்டருகே கொண்டுவரத் தோன்றும். புகை உள்ளே இறங்கித் தங்கும். உள்ளே நிற்பவன் விழுவான். அவனைத் தூக்க இறங்குபவனும் விழுவான். எஞ்சினோ அதன் புகையோ கிணற்றுக்குள் போகலாகாது என்பதை நமது ஊரின் கட்டளையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மின்சாரம். ஒட்டும்போது குச்சி முனையில் 20 முதல் 30 வோல்ற்று வரைதான் இருக்கும். ஒட்டாமல் சும்மா பிடித்திருக்கும்போதோ 60 முதல் 100 வோல்ற்று வரை நிற்கும். வீட்டு மின்சாரத்திலும் குறைவுதானே என்பார்கள். உலர்ந்த தோல் ஓரளவு காக்கும். ஆனால் நமது வெயிலில் சேட்டு நனைய வியர்த்து, இரும்புச் சட்டத்தில் முழங்காலூன்றி நிற்பவனுக்கு அந்தக் காவல் இல்லை. குச்சி மாற்றும்போதுதான் கைக்கு அபாயம் அதிகம். உலர்ந்த தோற் கையுறையோடு மாற்றுங்கள்; காலுக்குக் கீழே உலர்ந்த பலகை போடுங்கள்; வயரைத் தோளிலோ இடுப்பிலோ சுற்றாதீர்கள்; மழை தூறினால் வேலையை நிறுத்துங்கள்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்க்கவேண்டும். ஒட்டும் இரும்பில் கவ்வியால் பூட்டும் வயரை நாம் ஏர்த் என்கிறோம். அது மின்சாரம் திரும்பிவரும் வழி. அதனை ஒட்டும் இடத்துக்கு அருகிலே, துருவும் பெயின்றும் சுரண்டிய இரும்பிலே பூட்டவேண்டும். எட்டத்தில் பூட்டினால் மின்சாரம் சங்கிலி, போல் பேரிங், பம்புத் தண்டு என்று கண்ட வழியெல்லாம் சென்று அவற்றைத் தின்றுவிடும். உழவு யந்திரத்தில் ஒட்டுவதாயின் முதலில் அதன் பற்றறியைக் கழற்றிவிடுங்கள். யந்திரத்தின் சட்டத்தை மண்ணோடு இணைக்கும் புவித்தொடுப்பு வேறு. அதனை யந்திரத்தோடு வந்த புத்தகம் சொல்லும் விதமாகச் செய்யுங்கள்.

பக்கத்திலுள்ள 230 வோல்ற்றுப் பிளக்கிலே கிறைண்டரும் விளக்கும் பூட்டலாம். ட்ரிப் சுவிச்சின் வழியாகப் பூட்டுங்கள். ஆனால் மின்வெட்டு நேரத்தில் அதனை வீட்டு வயரிங்கிலே செருகுவது பெரும்பிழை. அம்மின்சாரம் வீதிக் கம்பிக்கு ஏறி, ட்ரான்ஸ்போமரில் ஆயிரக்கணக்கான வோல்ற்றாகப் பெருகி, கம்பம் ஏறி வேலை செய்யும் தொழிலாளியைத் தாக்கும். தகுதியுள்ள மின்னியலாளர் பூட்டிய மாற்றுச் சுவிச்சு இன்றி இதனைச் செய்யலாகாது.

மூன்றாவது தீ. பொறி 35 அடி வரை பறக்கும். நமது ஊரிலோ கிடுகு வேலியும், ஓலைக் கொட்டிலும், வைக்கோற் போரும் அந்த எல்லைக்குள்ளேதான் இருக்கும். அகற்றக்கூடியதை அகற்றி, மற்றதை நனைத்து, பக்கத்தில் வாளி நீரும் மணலும் வைத்து, பார்ப்பதற்கென்றே ஒருவனை நிறுத்துங்கள். வேலை முடிந்த பின்பும் அரை மணிக்குக் குறையாமல், கூடுமாயின் ஒரு மணி நேரம், அவன் அங்கே நிற்கவேண்டும். கிடுகுக்குள் புகுந்த பொறி உடனே எரிந்து காட்டாது. வெறும் பீப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்ணெய் இருந்த பீப்பா வெறுமையாயிருக்கும்போது அஞ்சத்தக்கது; உள்ளே நிற்கும் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும். முறையாகச் சுத்தஞ்செய்யப் பழகாதவர் பீப்பாவிலும் எரிபொருட் தாங்கியிலும் ஒட்டவோ வெட்டவோ கூடாது. உங்கள் எஞ்சினுக்கு எரிபொருள் ஊற்றுவதும் அப்படியே. நிறுத்தி, ஆறவிட்டு, பீடி சிகரெட்டை எட்டத்தில் வைத்து ஊற்றுங்கள்.

நான்காவது ஒளியும் ஆவியும். ஒளி தெரிகிறதே என்பீர்கள். அதிலுள்ள ஊதாக் கடந்த கதிர் தெரிவதில்லை. பகலில் வெறுங்கண்ணால் பார்த்தவனுக்கு நள்ளிரவில்தான் கண்ணில் மணல் கொட்டினாற்போல் நோகும். சாதாரணக் குச்சி வேலைக்கு 10 அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடி உள்ள முகமூடி வேண்டும். வெயிற் கண்ணாடி போதாது. சூழ நிற்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒளி படாமல் ஒரு மறைப்பு வையுங்கள். நாக முலாம் பூசிய குழாயை ஒட்டினால் வெள்ளைப் புகை எழும். அன்றிரவே குளிர் காய்ச்சல் காணும். ஒட்டும் இடத்து முலாமைச் சுரண்டி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் முகம் போகாமல் நின்று ஒட்டுங்கள்.

இனி ஓட்டும் முறை. காலையில் எஞ்சின் எண்ணெய், றேடியேற்றர் நீர், எரிபொருள், வயர்களின் உறை ஆகிய நான்கையும் பார்த்த பின்பே தொடக்குங்கள். தொடக்கியதும் சில நிமிடம் சுமையின்றி ஓடவிடுங்கள். 3.2 மில்லிமீற்றர்க் குச்சிக்கு ஏறக்குறைய 90 முதல் 130 அம்பியர் போதும். கூட்டினால் வேலை விரையாது, இரும்புதான் ஓட்டையாகும். ஒட்டிக்கொண்டிருக்கும்போது அம்பியர்ச் சுவிச்சைத் திருப்பாதீர்கள். யந்திரத்தின் தகட்டிலே 60 சதவீதம் என்று எழுதியிருந்தால், அதிற் குறித்த அம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் ஒட்டி 4 நிமிடம் ஆறவிடவேண்டும் என்பது பொருள். நிறுத்துமுன்னும் ஐந்து நிமிடம் சுமையின்றி ஓடட்டும். சூடான றேடியேற்றர் மூடியைத் திறக்கவேண்டாம்.

பராமரிப்பிலே நமது மண்ணும் கடலும் இரு சோதனைகள். வலிகாமத்துச் செம்மண் தூசியும் கரையோர மணலும் காற்று வடிகட்டியை அடைக்கும். அதனை அடிக்கடி பாருங்கள். உப்புக்காற்று மின்பிறப்பாக்கியின் சுருள்களைக் கெடுக்கும். மாரிக்காலம் முழுதும் சும்மா கிடந்த யந்திரத்தை ஓட்டுமுன், தெரிந்தவரைக் கொண்டு காப்பைச் சோதிப்பியுங்கள். பழைய தினமோ வகையாயின், தேய்ந்த காபன் பிறஷ்களை மாற்றி, செப்பு உருளையை மெல்லிய கண்ணாடித் தாளால் துடையுங்கள்; எமரித் தாள் ஆகாது, அதன் தூள் மின்சாரத்தைக் கடத்தும். பற்றறியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். பெல்ற்று மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். எத்தனை மணி ஓடியது, எப்போது எண்ணெய் மாற்றியது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

மாற்றிய கழிவெண்ணெயை எங்கே ஊற்றுகிறீர்கள்? வேலியடியில் என்றால், உங்கள் கிணற்றிலே ஊற்றுகிறீர்கள். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நாடு இது. கீழே உள்ளது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். மேலே விட்டது நீருக்குப் போய்ச் சேர அதிக நாள் வேண்டாம். சுன்னாகத்தில் மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கண்ட செய்தியை யாவரும் அறிவீர்கள். அவ்வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டும்படி தீர்ப்பாயிற்று. பெரிய எஞ்சினுக்கு வழக்கு உண்டு. வேலியடியில் ஊற்றும் நம் ஒவ்வொருவருக்கும் எதிராக வழக்குப் பேச யாரும் வரப்போவதில்லை. ஆதலால் நாமே நம்மைக் கட்டுப்படுத்தவேண்டும். கழிவெண்ணெயைக் கலனில் சேர்த்து, அதனை முறையாக வாங்குபவரிடம் கொடுங்கள்.

முடிவாகப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாலிபரைக் கவனமாயிருக்கச் சொல்வது எளிது. ஆனால் கொடியேற்றத்துக்குள் கூரை முடியவேண்டும், குடிபுகுதலுக்குள் கேற்று நிற்கவேண்டும் என்று அவசரப்படுத்துபவர் யார்? நாம்தானே. கூலி பேசும்போது கையுறைக்கும் முகமூடிக்கும் காவல் நிற்பவனுக்கும் சேர்த்துப் பேசுவோம். “ஐயா, இன்றைக்கு மழை, நாளைக்குச் செய்கிறேன்” என்று ஒரு தம்பி சொன்னால், அவனைச் சோம்பேறி என்று நினைத்து வேறொருவனைத் தேடவேண்டாம். முடியாது என்று சொல்லத் தெரிந்த தொழிலாளியே தொழில் தெரிந்தவன்.

வாலிபர்களுக்கும் ஒன்று சொல்வேன். தொழிற்பயிற்சி நிலையங்களில் இத்தொழிலை முறையாகப் படிக்க வழியுண்டு. சான்றிதழோடு வருபவனுக்குக் கூலியும் கூடும், ஆயுளும் கூடும். வேலைக்குத் தனியே போகாதீர்கள். எஞ்சினை நிறுத்தத் தெரிந்த ஒருவனையாவது கூட்டிச்செல்லுங்கள். இச்சங்கத்திலும் வருடத்தில் ஒரு நாள், ஆயுத பூசைக்கு முந்திய வாரத்தில், ஊரிலுள்ள எஞ்சின்களையெல்லாம் ஓரிடத்திற்குக் கொண்டுவந்து, தெரிந்தவர் முன்னிலையில் வயரும் கவ்வியும் வடிகட்டியும் பார்த்துத் திருத்தினால் எவ்வளவு நன்மை! பூச்சாத்தும் நாளில் கருவியும் பழுதற்று நிற்கும்.

இவ்வெண்ணத்தைச் சங்கத்தாரின் ஆலோசனைக்கு வைத்து அமர்கின்றேன்.