கான்சஸ் வால்வெள்ளி

அமெரிக்க உதைபந்தாட்டம் என்னும் விளையாட்டிலே பந்தைக் காலால் உதைப்பது சிறுபான்மை. கையில் ஏந்தி ஓடுவதே பெரும்பான்மை. றகர் ஆட்டத்தின் வழிவந்தது அது. அதிலே 'ரன்னிங் பாக்' எனப்படும் வீரர், தம்மை வீழ்த்தப் பாய்ந்துவரும் பதினொருவரிடையே வழி கண்டு பந்துடன் ஓடுதல் வேண்டும். முழங்கால் ஒன்று பழுதுற்றால் அவரது தொழில் அன்றோடு முடிதலுங் கூடும். இத்தகைய வீரருள் தலைசிறந்து விளங்கியவர் கேல் சேயர்ஸ்.

1943ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரிற் பிறந்து, ஒமாஹாவில் வளர்ந்த இக் கறுப்பின இளைஞர், கான்சஸ் பல்கலைக்கழக அணியிற் சேர்ந்து ஆடினார். 1963இல் நெப்ராஸ்கா அணிக்கெதிராக மைதானத்தின் ஓரெல்லையிலிருந்து மற்றையெல்லைவரை 99 யார் தூரம் ஒரே ஓட்டமாக ஓடிச் சென்றார். 'கான்சஸ் வால்வெள்ளி' என்னும் பட்டம் அவருக்கு வாய்த்தது.

1965இல் சிக்காகோ பெயார்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 12ஆந் திகதி மைதானம் சேறாகிக் கிடந்தது. ஏனையோர் காலூன்ற இயலாது வழுக்கி விழுந்த அவ்விடத்திலே, சேயர்ஸ் ஆறு முறை எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தார். அத் தொழில்முறைப் போட்டிகளிலே, ஒரே ஆட்டத்தில் அதனினும் மிகுதியாக எவரும் கடந்ததில்லை.

1967இல் அவரும் பிரையன் பிக்கலோ என்னும் வெள்ளையின வீரரும், வெளியூர்ப் பயணங்களில் ஓர் அறையிலே தங்கலாயினர். கறுப்பரும் வெள்ளையரும் ஓரறையில் உறைதல் அந்நாளில் அரிதான செயல். மேலும், பிக்கலோ அவ்வணியிலே சேயர்ஸ் வகித்த அதே இடத்துக்குரிய மாற்று வீரர். ஒருவர் விலகினால் மற்றவருக்கு வாய்ப்பு. எனினும் அவர்களிடையே நட்பே வளர்ந்தது.

1968 நவம்பரில் சேயர்ஸின் வலது முழங்கால் சிதைந்தது. சத்திரசிகிச்சைக்குப்பின் அவர் மீண்டும் பயிற்சி பெறுங்கால் ஊக்கமளித்துத் துணைநின்றவர், அவரது இடத்திலே ஆடிய பிக்கலோவே. அடுத்த ஆண்டு 1,032 யார் தூரம் ஓடிச் சேயர்ஸ் மீண்டும் முதலிடம் பெற்றார். ஆனால் அவ்வாண்டின் இறுதியிலே பிக்கலோ புற்றுநோய்க்கு ஆளானார். 1970 மே மாதத்தில் நியூயோர்க்கில் வீரத்துக்கான விருதைப் பெற்ற சேயர்ஸ், அவ்விருதுக்கு உரியவர் தம் நண்பரே என அவையறியக் கூறினார். மறுமாதம் 16ஆந் திகதி, 26 வயதில் பிக்கலோ மறைந்தார்.

அவ்வாண்டே சேயர்ஸின் இடது முழங்காலும் பழுதுற்றது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக நான்கு ஆட்டங்களே ஆட முடிந்தது. 1972இல் ஓய்வு பெற்றபோது அவர் ஆடியிருந்தவை 68 ஆட்டங்கள் மாத்திரமே. ஆயினும் 1977இல், 34ஆம் வயதிலே, புகழ்மண்டபத்தில் இடம்பெற்றோருள் மிக இளையவரானார். இடையில் விட்ட பட்டப்படிப்பை முடித்து, தென் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத்துறைப் பணிப்பாளராகவும், பின்னர் வணிகராகவும் விளங்கினார். இறுதிக்காலத்தில் மறதிநோயால் வருந்தி, 2020 செப்டெம்பரிற் காலமானார்.

கால்கள் தந்த புகழைக் கால்களே கவர்ந்துகொண்டன. நண்பருக்கு உரித்தாக்கிய அவ்விருதோ எவராலுங் கவரப்படாது, அவர் பெயரோடு இன்றும் நிலைத்து நிற்கின்றது.