பட்டமும் மெய்ப்புலமையும்



பட்டம் இகழத்தக்கதன்று. ஒருவர் கற்றார் என்பதற்குக் கற்றோர் வழங்கும் சான்று அது. ஆயினும் சான்று வேறு, அது சுட்டும் பொருள் வேறு. இவ்வேற்றுமையை விளக்கவல்ல வரலாறு ஒன்று திருக்குடந்தையிலே நிகழ்ந்தது.

திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் எக்கல்லூரியிலும் பயின்றவரல்லர். 1876ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேரும்வரை அவரிடம் பாடங்கேட்டவர் உ. வே. சாமிநாதையர். இவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். எனினும் 1880இல், குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தம் இடத்திற்கு இவரே தகுதியுடையவர் எனப் பரிந்துரைத்தார். பதவி கிட்டிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், குடந்தையில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். கற்ற நூல்கள் யாவையென முதலியார் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் என நீண்டதொரு வரிசையை ஐயர் எடுத்துரைத்தார். முதலியார் வியந்தாரல்லர். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டோ என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை, அவ்வுண்மையை மறையாது உரைத்தார்.

கல்லூரி ஆசிரியர் என்னும் பெயர் அவ்வறியாமையைப் போர்த்துக்கொள்ளப் போதிய போர்வையாகும். ஐயர் அதனை வேண்டினாரல்லர். முதலியார் அளித்த பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். நூலோ சமண காவியம்; ஐயரோ சைவ மடத்தின் நிழலிலே வளர்ந்தவர். பல கருத்துக்கள் விளங்கவில்லை. ஆதலின் குடந்தையில் வாழ்ந்த சமண இல்லறத்தாரை நாடினார். அங்கே ஓர் இல்லம் தோரணம் கட்டி விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் வினவியபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்த நாள் அது என்றனர்.

தமிழ்ப்புலவர் பலர் பயிலாது விட்ட நூல், பட்டமும் பதவியும் நாடாத இல்லங்களிலே வழிபாடு பெற்று வாழ்ந்திருந்தது! கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர், அவ்வில்லங்களிலே மாணாக்கராய் அமர்ந்தார். தம் சமயமன்றே என்று தயங்கினாரல்லர். அக்கேள்வியின் பயனாக, நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி 1887இல் அச்சேறியது. சிலப்பதிகாரம் 1892இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன.

பட்டங்கள் பின்னரே வந்தன. மகாமகோபாத்தியாய என்னும் பட்டம் 1906இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் 1932இலும் அவரை நாடி வந்தன. அவை வாராதிருப்பினும் அப்பதிப்புக்கள் நம் கையிலிருக்கும். அன்று அவர் அறியாததை அறிந்ததாகக் காட்டியிருப்பின், எத்தனை பட்டம் பெற்றிருந்தும் அப்பதிப்புக்கள் பிறந்திரா.

ஆதலின், நம் மக்கள் பட்டம் பெறுக; பதவியும் பெறுக. பெற்றபின்னும், அறியாததை அறியேன் எனச் சொல்லும் நெஞ்சுரமும், அறிந்தவர் எச்சமயத்தவராயினும், எந்நிலையினராயினும், அவர்முன் அமர்ந்து கேட்கும் பணிவும் அவர்களுக்கு வாய்க்குமாறு திருவருளை இறைஞ்சுவோமாக.