ஒரே வரிசையில் நின்றவர்கள்

பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

பெரியநாயகி அம்மன் குடிகொண்ட இந்தத் தேவிகாபுரத்தில் உங்களில் பலருடைய பட்டத்துக்குப் பின்னால் ஒரு பட்டுத்தறி இருக்கிறது. அப்பா குழித்தறியில் மிதி மிதித்தார், அம்மா தார் சுற்றினார். அந்தக் காசில்தான் படித்தீர்கள். அந்த உழைப்பை வணங்கிவிட்டு, படித்தவரும் உழைப்பவரும் ஒரே வரிசையில் நின்றதைக் காட்ட, படையில் சேர்ந்த சில பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

செர்பியப் படையில் போரிட்டு, பிரான்சின் லெஜியன் ஆஃப் ஹானர் விருதை இருமுறை பெற்றவர் மிலுங்கா சாவிச். 1912இல் ஆண் வேடமிட்டுத்தான் அவரால் படையில் சேர முடிந்தது. முப்பது ஆண்டு கழித்து, நம் பெண்கள் பெண்களாகவே சேர்ந்தார்கள். 1943 அக்டோபரில், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாமை நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் திறந்தார். தலைமை ஏற்றவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அவரோடு அணிவகுத்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. சேலையை மடித்து வைத்துவிட்டுக் காக்கி உடுத்தினார்கள், துப்பாக்கி சுடப் பழகினார்கள்.

கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு அப்போது வயது 18. நேதாஜியின் பேச்சைக் கேட்டதும் அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டின் எதிர்ப்பை மீறி, படையில் சேர அப்பாவின் சம்மதத்தையும் வாங்கினார். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்குத் தப்ப இரவிரவாக நடந்தது அந்தப் படை. நேதாஜியும் உடன் நடந்தார். 2000இல் ஜானகிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

லட்சுமிக்கு 1998இல் பத்ம விபூஷண் வந்தது. அதற்குப் பிறகும் கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 2012இல் காலமானபோது உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தார்.

அந்தத் தோட்டத்துப் பெண்களில் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் டாக்டரும் அவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். படிப்பு லட்சுமியை அவர்களிடமிருந்து பிரிக்கவில்லை, அவர்களுக்குப் பொறுப்பாளியாக்கியது.

உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். நாளை நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போகலாம். போங்கள், நன்றாகச் சம்பாதியுங்கள். ஆனால் இந்தத் தெருவில் ஒருவர் வங்கிக் கடன் தாளைப் புரியாமல் கையில் வைத்திருந்தால், படித்துச் சொல்லுங்கள். ஒருவருக்குக் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டால், அவருக்காகக் கேளுங்கள். தங்கையின் படிப்பு பாதியில் நின்றால், தொடர வழி செய்யுங்கள். துப்பாக்கி வேண்டாத இந்த வேலைக்கும் துணிச்சல் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

வாழ்க, வெல்க!