கோழி வயிறும் கழுகு வயிறும்

(ஏனாத்தூரில் செய்த சொற்பொழிவு)



இன்று பட்சிகளின் வயிற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். பட்டு நெய்கிற தறியிலே கோணி நெய்ய முடியாது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்குத் தக்கபடிதான் கருவி. வயிறும் ஒரு கருவியே. அது ஆகாரத்திற்குத் தக்கபடி அமைகிறதே ஒழிய, தலையெழுத்தின்படி அல்ல.

கோழியை அறுத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கழுத்தடியில் தீனிப்பை, தானியம் அங்கே ஊறுகிறது. அடுத்து, ஜீரணநீர் சுரக்கும் சிறு பை. அதற்கும் அடுத்தது கந்தனக்காய். தடித்த தசை, உரித்தெடுக்கும்படியான உள்தோல், கோழி பொறுக்கி விழுங்கிய சிறு கற்கள் ஆகியவை சேர்ந்து அதைத் திருகையாக்குகின்றன. பல்லில்லாத கோழிக்கு அதுதான் பல்.

ஆந்தையோ எலியை முழுதாக விழுங்குகிறது. மாமிசம் ஜீரணநீரிலேயே கரைந்துவிடும், திருகை தேவையில்லை. ஆகவே அதன் வயிற்றுச் சுவர் மெல்லியது. கரையாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடுகிறது. புல்லுருவிப் பழம் தின்னும் பூக்கொத்திக்கு அரைக்கும் பை வழியை விட்டு ஒதுங்கியிருக்கிறது. பூச்சி அதற்குள் போகும். பழமோ நேரே குடலுக்குப் போய்விடும்.

18-ம் நூற்றாண்டிலே ஜான் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், மீன் தின்னும் கடற்காகம் ஒன்றுக்கு ஓராண்டுக் காலம் பெரும்பாலும் தானியமே கொடுத்துப் பார்த்தார். அதன் வயிற்றுத் தசை தடித்துவிட்டது! இந்த மாறுதல் குஞ்சுக்குப் போவதில்லை. ஆனால் பல்லாயிரம் தலைமுறைகளில், கிடைத்த ஆகாரத்திற்கு எதன் வயிறு அதிகம் பொருந்தியதோ அதுவே பிழைத்துப் பெருகியது. அந்த அமைப்பே நிலைத்தது.

இனி, இங்கிருந்து தென்கிழக்கே உள்ள திருக்கழுக்குன்றத்துக்கு வருவோம். மலைமேல் உச்சிவேளையில் வந்த இரண்டு கழுகுகளைச் சாபம் பெற்ற ரிஷிகள் என்று சொல்லிச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். செத்த மாடும் அழுகலும் சாணமும் அவற்றின் ஆகாரம். பாறுகளின் வயிற்றிலுள்ள கடும் அமிலத்தில் நோய்க்கிருமிகளிற் பெரும்பகுதி மடிந்துவிடும். முகத்து மஞ்சளும் சாணத்திலிருந்து கிடைப்பதே என்று 2002-ல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர் காட்டினார்கள். கிடைத்ததைத் தின்னும் பட்சி, பொங்கலையும் தின்றது. இதிலே ரிஷி எங்கே வந்தார்?

செத்த மாட்டைத் தின்னும் பட்சிக்குக் கோவில் பொங்கல். செத்த மாட்டை அப்புறப்படுத்தி ஊரைச் சுத்தமாக்கிய மனிதனுக்கோ கோவில் வாசல்கூட இல்லை என்று வைத்திருந்தார்களே, இது என்ன நியாயம்?

1990-களுக்குப் பிறகு அந்தப் பாறுகள் அங்கே வருவதில்லை. இந்தியா முழுவதுமே பாறுகள் குறைந்துபோயின. கிருமியை வென்ற வயிறு, மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி மருந்தை வெல்லவில்லை. அந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டது. பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்து, 2004-ல் இதை வெளியிட்டார்கள். 2006-ல் இந்திய சர்க்கார் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடுத்தது. ஊட்டிய பொங்கலும் செய்த பூசையும் இந்தக் காரணத்தைக் காட்டினவா? கத்தியும் அறிவும்தான் காட்டின.

ஆகவே தோழர்களே, மனிதருக்கு விற்கும் டைக்ளோபினாக்கை மாட்டுக்குப் போடாதீர்கள். பாறுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. மாட்டு வைத்தியரைக் கேளுங்கள். கழுகைக் கும்பிட வேண்டாம். அது உயிரோடிருக்க வழிசெய்தால் போதும்.