அடியாத மாடு படியாதா?

உபாத்தியாயத் தோழர்களே!

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு கசந்து அல்ல. பிரம்புக்குப் பயந்தே விட்டேன். "அடியாத மாடு படியாது" என்றார்கள். பழமொழியாய் இருப்பதாலேயே அது உண்மையாகிவிடுமா? பரீட்சித்துப் பார்த்தவர் யார்?

அமெரிக்காவில் எலிசபெத் ஹர்லாக் என்ற அம்மையார் பரீட்சித்து, 1925-இல் முடிவை வெளியிட்டார். பிள்ளைகளைப் பிரித்து ஐந்து நாள் கணக்குப் போடச் செய்தார். ஒரு கூட்டத்தாரை எல்லோர் முன்பும் மெச்சினார். ஒரு கூட்டத்தாரைக் கடிந்தார். ஒரு கூட்டத்தாரைக் கவனிக்கவேயில்லை. மெச்சப்பட்டவர்கள் மேலே ஏறிக்கொண்டே போனார்கள். கடியப்பட்டவர்கள் முதலில் சற்று ஏறிப் பிறகு சரிந்தார்கள். கவனிக்கப்படாதவர்கள் அந்த அளவுகூட ஏறவில்லை.

"புகழ்ந்தால் தலைக்கனம் ஏறாதா?" என்பீர்கள். பிள்ளையைப் புகழவேண்டாம், செய்த காரியத்தைச் சொல்லி மெச்சுங்கள். "நல்ல பிள்ளை" என்றால் ஒன்றும் விளங்காது. "அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாய், நன்று" என்றால் நாளையும் காத்திருக்கத் தெரியும்.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதையும் மனத்தை நோகச் செய்வதையும் தடுத்திருக்கிறது. சட்டம் பிரம்பைப் பிடுங்கலாம். பழமொழியை நீங்கள்தான் விடவேண்டும். பிள்ளைகள் மாடுகள் அல்லவே, தோழர்களே!